தையலிலிருந்து கணினி ஒத்திகை வரை: வயிற்றுப் பெருந்தமனி வீக்கச் சிகிச்சையின் வரலாறு

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி மார்பைக் கடந்து வயிற்றுக்குள் இறங்கி, ஏறத்தாழ தொப்புள் மட்டத்தில் இரண்டு இடுப்புத் தமனிகளாகப் பிரிகிறது. சிறுநீரகங்களுக்குக் கிளைகள் பிரியும் இடத்துக்குக் கீழே அதன் விட்டம் சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்கும். முதுமை, புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், குடும்பவழி ஆகிய காரணங்களால் சுவரின் எலாஸ்டின் நார்கள் சிதைகின்றன. அதனால் அந்தப் பகுதி 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால் அதை வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் என்கிறார்கள். 65 வயதைக் கடந்த ஆண்களிடமே இது அதிகம். பெரும்பாலும் வலி இருக்காது, வெளியே எதுவும் தெரியாது. வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படும். வெடித்துவிட்டாலோ, பலர் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிரிழக்கிறார்கள்.

வீங்கிய தமனி தானாகச் சுருங்குவதில்லை. பலூன் ஊதும்போது முதல் மூச்சுக்குத்தான் பலம் வேண்டும், கொஞ்சம் விரிந்த பிறகு எளிதாகப் பெருத்துக்கொண்டே போகும். இதன் பின்னாலுள்ள விதியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் எழுதிவைத்தார்: உள்ளே இருக்கும் அழுத்தம் மாறாவிட்டாலும், ஆரம் கூடக்கூடச் சுவரின் இழுவிசை கூடும். 120 மி.மீ. பாதரச அழுத்தத்தில், 2 செ.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள தமனிச் சுவரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 0.08 நியூட்டன் தகைவைத் தாங்குகிறது. விட்டம் 5.5 செ.மீ. ஆகும்போது அது 0.22 நியூட்டனைத் தொடுகிறது. சுமை கூடும் அதே காலத்தில் சுவரின் பலமும் குறைகிறது. அறுவையில் வெட்டியெடுத்த சுவர்த் துண்டுகளைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இழுத்துச் சோதித்தபோது, வீங்கிய சுவரின் பலம் நல்ல சுவரின் பலத்தில் பாதிகூட இல்லை என்று தெரிந்தது.

பழங்கால மருத்துவர்கள் கை கால்களில் வந்த தமனி வீக்கங்களையே தொட்டார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் ஆன்டில்லஸ், வீக்கத்துக்கு மேலும் கீழும் நாளத்தைக் கட்டிவிட்டு, நடுவே உள்ள பையைத் திறந்து சுத்தம் செய்யச் சொன்னார். 1785 டிசம்பரில் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஜான் ஹன்டர், முழங்காலின் பின்புறம் வீக்கம் கண்ட ஒரு வண்டிக்காரருக்குத் தொடையிலேயே தமனியைக் கட்டினார். சிறு கிளைகள் வழியாக ரத்தம் காலுக்குப் போய்ச் சேர்ந்ததால் கால் பிழைத்தது. வயிற்றில் அந்த வசதி இல்லை. 1817-ல் கைஸ் மருத்துவமனையில் ஆஸ்ட்லி கூப்பர் பெருந்தமனியையே கட்டிப் பார்த்தார். நோயாளி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அதே முயற்சியில் நோயாளி பிழைத்தது நூறாண்டுக்குப் பிறகுதான், 1923-ல், நியூ ஆர்லியன்ஸில் ருடால்ஃப் மட்டாஸின் கைகளில். இடைப்பட்ட காலத்தில் வீக்கத்துக்குள் கம்பிச் சுருளைச் செலுத்தி ரத்தத்தை உறைய வைக்கப் பார்த்தார்கள், அக்கம்பியில் மின்சாரமும் பாய்ச்சினார்கள். 1948-ல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்த ருடால்ஃப் நிஸ்ஸன், வீங்கிய தமனியைச் செல்லோஃபேன் தாளால் சுற்றினார். அந்தத் தாள் உறுத்தி, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து சுவரைத் தாங்கும் என்பது எண்ணம். ஐன்ஸ்டைன் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது மறு அறுவை வேண்டாம் என்று மறுத்துவிட்டு, 18-ஆம் தேதி பிரின்ஸ்டனில் காலமானார்.

அவர் மறுத்த அறுவைக்கு அப்போது நான்கு வயது. 1951 மார்ச் 29 அன்று பாரிஸில் ஷார்ல் டுபோஸ்ட், 50 வயது ஆண் ஒருவரின் வீங்கிய பகுதியை வெட்டியெடுத்து, இறந்த இளம்பெண் ஒருவரிடமிருந்து எடுத்துப் பாதுகாத்த பெருந்தமனித் துண்டை அங்கே தைத்தார். பிறர் உடலின் தமனி போதிய அளவில் கிடைக்காது, கிடைத்தாலும் சில ஆண்டுகளில் சுண்ணாம்பு படிந்து கெடும். ஆகவே தேடல் துணிப் பக்கம் திரும்பியது. நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ், நாயின் இதயத்துக்குள் தங்கிப்போன பட்டு நூலின்மேல் பளபளப்பான மெல்லிய படலம் படர்ந்திருப்பதைக் கவனித்தார். நூலின்மேல் படரும் படலம் துணியின்மேலும் படரும் என்று ஊகித்து, வின்யான் துணியில் குழாய் தைத்து, 1952-ல் முடிவுகளை வெளியிட்டார். ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, கடையில் நைலான் தீர்ந்துபோயிருந்ததால் டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியை வாங்கிப் போய், வீட்டுத் தையல் இயந்திரத்தில் தானே குழாய் தைத்தார். 1954-ல் அது மனித உடலுக்குள் போனது. 70 ஆண்டுகள் கழிந்தும் இத்துறையின் முதன்மைத் துணி அதுதான். 1966-ல் ஆஸ்கர் கிரீச் விவரித்த முறை வந்த பிறகு வீக்கத்தை வெட்டியெடுக்கும் தேவையும் போயிற்று. பையைத் திறந்து, உள்ளே குழாயை வைத்துத் தைத்து, பழைய சுவரையே மேலே போர்த்தி மூடினால் போதும்.

திறந்த அறுவையின் உறுதி முழுவதும் அந்தத் தையலில் இருக்கிறது. அறுவை மருத்துவர் சுவரை விரல்களுக்கிடையே பிடித்துப் பார்க்கிறார். எங்கே சுண்ணாம்பு படிந்து கடினமாகியிருக்கிறது, எங்கே ஊசி போட்டால் கிழியும், எங்கே நூல் நிற்கும் என்பதைக் கை சொல்லிவிடுகிறது. நல்ல திசுவில் போட்ட தையல் இருபது ஆண்டுகள் கழித்தும் நகராது. ஆனால் அதற்கு வயிற்றை நீளமாகத் திறக்க வேண்டும், பெருந்தமனியைக் கவ்வியால் அடைக்க வேண்டும், ரத்த இழப்பைத் தாங்க வேண்டும். தேர்ந்த மருத்துவமனைகளிலும் நூற்றுக்கு நான்கைந்து பேர் முதல் மாதத்துக்குள் இறந்தார்கள். இதயமோ நுரையீரலோ கெட்டவர்களுக்கு அந்தக் கதவே மூடியிருந்தது.

திறக்காமல் உள்வழியாகப் போகும் எண்ணம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தொடங்குகிறது. 1964-ல் சார்லஸ் டாட்டர் கால் தமனி அடைப்பைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயால் விரித்தார், 1969-ல் நாயின் தமனிக்குள் கம்பிச் சுருளை வைத்து அதைத் திறந்த நிலையில் தாங்கவைத்தார். கம்பியோடு துணியைச் சேர்த்த பெருமை கார்கிவைச் சேர்ந்தது. உக்ரைனின் அந்தத் தொழில்நகரத்தில் நிக்கோலாய் வோலோதோஸும் அவருடன் உழைத்த பொறியாளர்களும், வளைவு நெளிவாக மடித்த எஃகுக் கம்பி வளையத்தைத் துணிக்குழாயில் பொருத்தி, சுருக்கி, கதீட்டருக்குள் அடைத்தார்கள். 1987 மார்ச் 24 அன்று, விபத்தால் மார்புப் பெருந்தமனியில் பொய் வீக்கம் வந்த ஒருவருக்குத் தொடைத் தமனி வழியாக அதைச் செலுத்தினார்கள். உலகில் மார்புப் பெருந்தமனியை இவ்வாறு உள்வழியே சரிசெய்தது அதுவே முதல் முறை. முடிவுகள் ரஷ்ய மொழியில் வெளிவந்ததால் மேற்குலகின் கண்ணில் படவில்லை. பல பாடநூல்கள் வெகுகாலம் கார்கிவைத் தவிர்த்தே வரலாற்றைத் தொடங்கின. அது பெரிய அநீதி.

புவனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி தனியாக அதே முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். 1970-களில் கிளீவ்லேண்டில் பயிற்சி பெற்றபோது, திறந்த அறுவையைத் தாங்க முடியாத முதியவர்கள் சிக்கல்களால் இறப்பதைப் பார்த்ததிலிருந்து அவரிடம் அந்த எண்ணம் தங்கியிருந்தது. அவருக்கு வேண்டிய உதிரிப்பாகத்தைத் தந்தவர், பலூனால் விரியும் ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாயை உருவாக்கிய சக அர்ஜென்டினர் ஹூலியோ பால்மாஸ். பொறியாளர் எக்தோர் பரோனே கருவியை வடிவமைக்கத் துணைநின்றார். 1990 செப்டம்பர் 7 அன்று, நுரையீரல் நோயால் திறந்த அறுவைக்கு ஆகாத ஒரு முதியவருக்கு, மெல்லிய டேக்ரான் குழாயின் மேல் நுனியில் ஸ்டென்ட்டைத் தைத்து, தொடை வழியாக ஏற்றி, பலூனை ஊதிச் சுவரோடு அழுத்திவிட்டார்கள். கீழ் நுனிக்குப் பிடிப்பு எதுவும் இல்லை. ரத்தம் கீழிருந்து பைக்குள் திரும்புவதைப் பார்த்த பிறகே கீழேயும் ஒரு ஸ்டென்ட் வைக்கும் வழக்கம் வந்தது. 1991-ல் மூவரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இத்துறை ஓட்டமெடுத்தது.

நேர்க்குழாய் எல்லோருக்கும் பொருந்தவில்லை, ஏனெனில் வீக்கம் பெரும்பாலும் கிளை பிரியும் இடம் வரை நீள்கிறது. திமத்தி சூட்டர் முதலானோர் கால்சட்டை வடிவக் குழாயை உருவாக்கினார்கள். அதையே துண்டுகளாகச் செலுத்தி உள்ளே ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தும் முறை பிறகு நிலைபெற்றது. எஃகின் இடத்தில் நிட்டினால் வந்து சேர்ந்தது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் கண்டறிந்த நிக்கல்–டைட்டேனியம் உலோகக் கலவை அது. சாதாரண எஃகு ஒரு சதவீதத்துக்கும் குறைவான திரிபிலேயே, அதாவது நீள மாற்றத்திலேயே, நிரந்தரமாக வளைந்துவிடும். நிட்டினால் ஏழெட்டு சதவீதத் திரிபுக்குப் பிறகும் பழைய வடிவத்துக்கு மீள்கிறது. ஆகவே பென்சில் தடிமனுள்ள உறைக்குள் அடைத்ததை, உறையை இழுத்தவுடன் தானாகவே மூன்று செ.மீ. அகலத்துக்கு விரியவிடலாம். 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. முதல் இரண்டு கருவிகளுக்கு ஒப்புதல் தந்தது.

பிறகு கசிவுகள் தெரியத் தொடங்கின. சிட்னியில் ஜெஃப்ரி வைட்டும் அவருடைய சகாக்களும் 1990-களின் நடுவில் அவற்றுக்கு எண்டோலீக் என்று பெயரிட்டு வகைப்படுத்தினார்கள். குழாயின் நுனி சுவரோடு ஒட்டாமல் ஒழுகுவது முதல் வகை. முதுகுக் கிளைகளிலிருந்து ரத்தம் பின்னோக்கிப் பைக்குள் வருவது இரண்டாவது. பொருத்தியிருந்த துண்டுகள் பிரிவதும் துணி ஓட்டையாவதும் மூன்றாவது. துணியின் நுண்துளைகள் வழியே ஊறுவது நான்காவது. முதல் தலைமுறைக் கருவிகள் சிலவற்றில் உலோகத்தைத் துணியோடு பிணைத்த நூல்கள் அறுந்தன, உலோகம் உரசித் துணி தேய்ந்தது. எல்லாவற்றையும்விட மருத்துவர்களைக் கலங்கவைத்தது இடப்பெயர்ச்சி: ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராகக் கீழே இறங்கிய குழாய், ஒரு நாள் வீக்கத்துக்குள்ளேயே விழுந்துவிடும்.

பிரிட்டனின் இவார்-1 ஆய்வு லாப நட்டத்தை எண்களில் காட்டியது. 2004-ல் வந்த முதல் முடிவுகளின்படி முப்பது நாள் இறப்பு திறந்த அறுவையில் 4.7 சதவீதம், உள்வழிச் சிகிச்சையில் 1.7 சதவீதம். இந்த வித்தியாசமே உலகெங்கும் மருத்துவர்களை, ஸ்டென்ட்டும் துணிக்குழாயும் சேர்ந்த ஸ்டென்ட் கிராஃப்டின் பக்கம் சாய்த்தது. அதே நோயாளிகளைப் பதினைந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2016-ல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொன்னது. எட்டாண்டுகளுக்குப் பிறகு உள்வழிச் சிகிச்சை பெற்றவர்களிடம் இறப்பு அதிகம், பழைய வீக்கமே மறுபடி வெடித்தது அதற்கு முக்கியக் காரணம். முதல் மாதத்தில் சம்பாதித்ததைப் பின்னாளில் இழந்தார்கள்.

இதன் வேர் எளியது. உள்வழிச் சிகிச்சையில் தையல் இல்லை. குழாயை நிறுத்துவது விரியத் துடிக்கும் உலோகத்தின் அழுத்தமும், சுவரோடு ஏற்படும் உராய்வும், சில கருவிகளில் இருக்கும் சிறு கொக்கிகளுமே. அதற்காகத்தான் தமனியைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் வரை பெரிய குழாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எதிர்ப்புறத்தில் நிற்பது ரத்த அழுத்தம். மேல் நுனி 24 மி.மீ. விட்டம், இரு கால்களும் ஒவ்வொன்றும் 12 மி.மீ. விட்டம் என்று கொள்வோம். 100 மி.மீ. பாதரச அழுத்தத்தில் மேல்வாயின் பரப்பில் விழும் விசை 6 நியூட்டன், கீழ்வாய்கள் இரண்டிலும் சேர்ந்து 3 நியூட்டன். மிச்சமுள்ள 3 நியூட்டன், அதாவது 300 கிராம் எடைக்கு நிகரான விசை, குழாயைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. ஓடும் ரத்தத்தின் வேகத்தால் வரும் தள்ளுவிசை இதற்குப் பக்கத்தில் மிக அற்பம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் துடிப்பு என்றால் பத்தாண்டில் ஏறத்தாழ 40 கோடி துடிப்பு. கருவிகளை ஆய்வகத்தில் களைப்புச் சோதனைக்கு உட்படுத்தும்போது அத்தனை சுற்றுகள் ஓட்டுவது அதனால்தான். கை விட்ட வேலையைக் கணக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய நிலை இப்படி உருவானது.

அந்தக் கணக்குக்கான கருவி விமானத் தொழிலிலிருந்து வந்தது. 1950-களில் போயிங் நிறுவனத்தில், விமான இறக்கையைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் வளைவையும் கணித்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்கும் வழியை ரே கிளஃப் உள்ளிட்ட குழு வகுத்தது. 1960-ல் கிளஃப் அதற்கு ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பெயர் சூட்டினார். விமானங்களின் அதிர்வை ஆராய்ந்துகொண்டிருந்த ஒய்.சி. ஃபங், 1966-ல் சான் டியகோவுக்குப் போய் உயிருள்ள திசுக்களின் பக்கம் திரும்பினார். தமனிச் சுவர் முதலில் இளகியும், இழுக்க இழுக்கக் கடுமையாக விறைத்தும் நடந்துகொள்வதைச் சமன்பாட்டில் வடித்தவர் அவர். நோயாளியின் தமனி வடிவத்தைத் தரும் படம்தான் பாக்கி. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. மூச்சை ஒரு முறை அடக்கும் நேரத்துக்குள் வயிறு முழுவதையும் எடுக்கும் சுழல் ஸ்கேன் 1989-ஐ ஒட்டி வந்தது. ஸ்டென்ட் கிராஃப்டும் சுழல் ஸ்கேனும் ஒரே காலத்தில் பிறந்தது இத்துறைக்கு வாய்த்த நல்லூழ்.

முதல் அலைக் கணிப்புகள் கருவியை விட்டுவிட்டு வீக்கத்தையே எடுத்துக்கொண்டன. எப்போது வெடிக்கும்? 1998-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வுக்குப் பின் 5.5 செ.மீ. என்ற எல்லை நிலைபெற்றிருந்தது. ஆனால் அதைவிடச் சிறியவையும் சில வெடித்தன, அதைவிடப் பெரியவையும் சில ஆண்டுக்கணக்கில் நின்றன. லாப்லாஸின் விதி சீரான உருளைக்கு எழுதியது, உண்மையான வீக்கமோ கோணலும் புடைப்புமாக இருக்கிறது. 2000-ல் ராகவனும் டேவிட் வோர்ப்பும் வீங்கிய சுவருக்கென்று தனிச் சமன்பாடு தந்தார்கள். 2002-ல் டார்ட்மவுத்தில் மார்க் ஃபில்லிங்கர் குழு, ராகவனுடன் சேர்ந்து, நோயாளிகளின் ஸ்கேன்களிலிருந்து சுவரின் உச்சத் தகைவைக் கணித்து, வெடித்த வீக்கங்களில் அது கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அதே ஆண்டு பிட்ஸ்பர்க் குழு, பைக்குள் படிந்திருக்கும் உறைகட்டி சுமையில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது என்று கணித்தது.

இரண்டாவது அலை ஓட்டத்தை எடுத்துக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டில் பொறியாளர் சார்லஸ் டெய்லரும் அறுவை மருத்துவர் கிறிஸ்டோபர் ஜாரின்ஸும், அறுவைக்கு முன்பே அதன் விளைவைக் கணினியில் பார்த்து முடிவெடுக்கும் வழியை 1999-ல் முன்வைத்தார்கள். அதுவரை ரத்த ஓட்டக் கணிப்பு நோயை விளக்குவதோடு நின்றது. சிகிச்சைகளை ஒப்பிட்டுத் தேர்வு செய்யும் கருவியாக அதை மாற்ற முனைந்தது அங்கேதான். 2001-ல் ஆஸ்திரேலியாவில் கர்ட் லிஃப்மனும், பெர்த் நகரில் ஸ்டென்ட் கிராஃப்ட் உருவாக்கத்தில் முன்னின்ற மைக்கேல் லாரன்ஸ்-பிரவுன், டேவிட் ஹார்ட்லி ஆகியோரும் சேர்ந்து, கால்சட்டை வடிவக் குழாயின் மேல் விழும் விசையைச் சமன்பாட்டாலும் கணினியாலும் கணித்தார்கள். வட கரோலினாவில் லியும் கிளைன்ஸ்ட்ராயரும் 2005-ஐ ஒட்டி, ரத்தம், குழாய், பைக்குள் தேங்கிய திரவம், சுவர் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று இணைத்துத் தீர்த்தார்கள்.

இந்த அலையில் மிகப் பயனுள்ள முடிவு 2009-ல் ஆல்பர்ட்டோ ஃபிகரோவாவும் சகாக்களும் கண்டது. குழாய் கீழே நழுவுவதால் விசையும் கீழ்நோக்கியே இருக்கும் என்றே பலரும் கருதியிருந்தார்கள். உண்மையான நோயாளிகளின் தமனி நேராக இருப்பதில்லை. வீக்கம் பெருக்கும்போது அது முன்னோக்கியும் பக்கவாட்டிலும் வளைகிறது, குழாயும் அந்த வளைவைப் பின்பற்றுகிறது. வளைந்த குழாயை உள்ளழுத்தம் வெளிப்புறமாகத் தள்ளும். கணிப்பில் விசையின் பெரும்பகுதி பக்கவாட்டில் இருந்தது, வளைவு கூடக்கூட அதுவும் கூடியது. இதன்படி, குழாய் நழுவுவது செங்குத்தாக இறங்கும் செயல் மட்டுமாக இருக்க முடியாது. நடுப்பகுதி பக்கவாட்டில் ஒதுங்கும்போது நுனிகளும் சேர்ந்து இழுபடுகின்றன. ஸ்கேனில் மேல் நுனியை மட்டும் அளந்துகொண்டிருந்த பின்தொடர்வுக்கு இது ஒரு திருத்தமாக அமைந்தது: குழாயின் நடு உடல் பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது என்பதும் எச்சரிக்கை மணிதான்.

மூன்றாவது அலையில்தான் சிகிச்சையே கணினிக்குள் நடந்தது. அதற்கு முதலில் நிட்டினாலின் விசித்திர நடத்தைக்கு எண் வடிவம் வேண்டியிருந்தது. இத்தாலியின் பாவியாவைச் சேர்ந்த ஃபெர்டினாண்டோ ஔரிக்கியோவும் பெர்க்லியின் ராபர்ட் டெய்லரும் 1997-ல் அதைத் தந்தார்கள். வணிக மென்பொருள்கள் அந்த வழியை எடுத்துக்கொண்டன. 2012-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் குழு, ஸ்டென்ட் கிராஃப்டை விரிக்கும் கணிப்பைச் சோதனையோடு ஒப்பிட்டு வெளியிட்டது. பிரான்சின் சான்-எத்தியென் நகரில் ஸ்டெஃபான் அவ்ரில், பியர் பாதெல், அறுவை மருத்துவர் ஜான்-நோயேல் அல்பெர்த்தினி ஆகியோரின் குழு, சந்தையிலுள்ள கருவிகளை வளைத்துப் பார்த்தது. வட்ட வட்டமாகத் தனித்தனி ஸ்டென்ட் கொண்டவை, சுருளாகச் சுற்றியவை என்ற இரு வகையில், கடும் வளைவில் மடிந்து வழி குறுகுவது எதில் அதிகம் என்பது அதில் தெளிந்தது. 2015-ல் அதே குழு மூன்று நோயாளிகளின் அறுவையைக் கணினியில் நடத்தி, அறுவைக்குப் பின் எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டது. ஒவ்வொரு ஸ்டென்ட் வளையமும் எங்கே போய் நிற்கும் என்பதைக் கணிப்பு நெருங்கிச் சொன்னது.

இந்த ஒத்திகையின் படிகள் பொறுமையைக் கேட்பவை. ஸ்கேன் அடுக்குகளிலிருந்து ரத்தம் ஓடும் பகுதி, உறைகட்டி, சுண்ணாம்புப் படிவு ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, தமனியை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாக்குகிறார்கள். ஸ்கேனில் தெரியும் தமனி ஏற்கனவே ரத்த அழுத்தத்தால் விரிந்த தமனி. அதைச் சுமையற்றது என்று கொண்டு மறுபடி அழுத்தம் கொடுத்தால் கணிப்பு தவறும். எனவே சுவருக்குள் இருக்கும் முன்-தகைவை முதலில் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு கருவியைக் கம்பி கம்பியாக, மெல்லிய துணி உட்பட, கணினியில் கட்டி, உறைக்குள் சுருக்கி, தமனிக்குள் ஏற்றி, உறையை இழுக்கிறார்கள். கம்பி துணியையும், துணி சுவரையும், துணி தன்னையே மடிப்புகளிலும் தொடும் ஒவ்வொரு இடத்திலும் உராய்வைக் கணக்கிட வேண்டும். கணிப்பு நேரத்தின் பெரும்பகுதியை விழுங்குவது இந்தத் தொடுதல்களே.

ஒரு சிக்கலை அறுவை அறையே சுட்டிக்காட்டியது. கருவியை ஏற்ற உதவும் விறைப்பான வழிக்கம்பி உள்ளே போனதும், கோணலான இடுப்புத் தமனிகள் நேராகிவிடுகின்றன. அறுவைக்கு முன் ஸ்கேனில் அளந்த நீளமும் கோணமும் அந்நேரம் பொருந்துவதில்லை. பிரான்சின் ரென் நகரக் குழு ஒன்று 28 நோயாளிகளிடம் வழிக்கம்பியின் இருப்பிடத்தைக் கணித்து, அறுவையின்போது எடுத்த எக்ஸ்ரே படங்களோடு சரிபார்த்தது. குழாயின் நீளத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்து இடுப்புத் தமனியின் உட்கிளையை அடைத்துவிடும் பிழை, இத்தகைய கணிப்பால் தவிர்க்கக்கூடியது.

ஒத்திகையின் தேவை மிக அதிகமாக இருக்கும் இடம் சாளரக் கருவி. வீக்கம் சிறுநீரகத் தமனிகளை ஒட்டித் தொடங்கினால், குழாயைப் பதிக்க நல்ல சுவர் மிஞ்சுவதில்லை. துணியில் கிளைகளுக்கு நேராகத் துளைகள் வைத்து, குழாயை இன்னும் மேலே பதிக்கும் முறையை 1990-களில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முன்னெடுத்தார்கள். துளை சில மில்லிமீட்டர் தவறினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகாது. விரியும்போது குழாய் சற்றே திருகினாலும் அதே விளைவு. ஸ்கேன் படத்தின் மேல் அளவுகோல் வைத்து அளப்பதில் இந்தத் திருகல் தெரியாது, விரிவைக் கணித்தால் தெரியும். சான்-எத்தியென் ஆய்விலிருந்து 2017-ல் பிறந்த பிரெடிசர்ஜ் நிறுவனம் இந்தத் தேவையையே முதன்மையாக எடுத்துக்கொண்டது.

மருத்துவர் தன் கையாலேயே பழகிப் பார்க்கும் பயிற்சிப் பொறிகள் இதற்குப் பக்கத்தில் வளர்ந்த தனிக் கிளை. நோயாளியின் சொந்த ஸ்கேனை ஏற்றி, கதீட்டரையும் கம்பியையும் திரையின் முன் அசைத்துப் பார்க்கலாம். இதில் இயந்திரவியல் துல்லியம் குறைவு, உடனுக்குடன் பதில் வருவதே முக்கியம். ஐரோப்பிய மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே இவ்வாறு பழகிய குழுக்கள் அறுவையில் குறைவான பிழைகள் செய்தன.

கணிப்பை எவ்வளவு நம்புவது என்பதற்கும் விதிகள் உருவாயின. கருவிகளுக்கு ஒப்புதல் கேட்கும் விண்ணப்பத்தில் கணினி ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று எஃப்.டி.ஏ. 2016-ல் வழிகாட்டியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2018-ல் வி அண்ட் வி 40 என்ற தரநிலையை வெளியிட்டது. கணிப்பை நம்பி எடுக்கும் முடிவு தவறினால் நோயாளிக்கு நேரும் தீங்கு எவ்வளவு பெரியதோ, அவ்வளவு வலுவான ஆதாரம் அதற்குக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். கம்பியின் ஆயுளைக் கணிக்க ஒரு அளவுகோல், அறுவை வேண்டுமா என்று தீர்மானிக்க அதைவிடக் கடுமையான அளவுகோல். இந்த வேறுபாட்டை எழுத்தில் வைத்தது நல்ல முன்னேற்றம், ஏனெனில் வண்ணம் தீட்டிய தகைவுப் படங்கள் பார்ப்பவரை எளிதில் மயக்கும்.

மயங்கக் கூடாததற்குக் காரணங்கள் இருக்கின்றன. சுவரின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது, வழக்கமான ஸ்கேனில் அது சரியாகத் தெரிவதில்லை. ஒரு குறிப்பிட்ட நோயாளியின் சுவர் எவ்வளவு விறைப்பு, எவ்வளவு பலம் என்பதை வெட்டியெடுக்காமல் அளக்க வழியில்லை, ஆய்வகச் சராசரியையே இட்டு நிரப்புகிறார்கள். அதனால்தான் வெடிப்பு ஆபத்தைக் கணிக்கும் மென்பொருள்கள் வந்த பிறகும், அறுவைக்கு நாள் குறிப்பதில் ஆண்களுக்கு 5.5 செ.மீ. என்ற பழைய அளவே நீடிக்கிறது. குழாய் எங்கே, எந்த வடிவில் நிற்கும் என்ற கேள்வியில் கணினி நம்பகமாகப் பேசுகிறது. காரணம், அங்கே பெரும்பங்கு வகிப்பது உலோகமும் வடிவமும், அவை இரண்டும் நன்கு தெரிந்தவை.

காலம் என்ற பரிமாணம் இன்னும் பாதியில் நிற்கிறது. இன்றைய ஒத்திகைகள் அறுவை நாளின் முடிவைக் காட்டுகின்றன. அதன் பிறகு பை சுருங்குகிறது அல்லது விரிகிறது, குழாய் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதி மெல்ல அகல்கிறது, சுவரின் கொலாஜன் சிதைந்தும் புதிதாய் உருவாகியும் வருகிறது. இந்த மாற்றத்தைக் கணிதமாக்கும் அடிப்படையை 2002-ல் ஜே ஹம்ஃப்ரியும், சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து டெக்சாஸில் பேராசிரியராக விளங்கிய கே.ஆர். ராஜகோபாலும் தந்தார்கள். திசுவின் ஒவ்வொரு கூறும் தனக்கென ஒரு பிறப்பும் ஆயுளும் கொண்டு, பிறந்த நேரத்து இழுவையை நினைவில் வைத்திருப்பதாக அந்த மாதிரி கொள்கிறது. 2004-ல் பால் வாட்டன் குழு, எலாஸ்டின் சிதைவிலிருந்து வீக்கம் ஆண்டுக்கணக்கில் வளர்வதை மற்றொரு மாதிரியால் கணினியில் காட்டியது. உள்ளே குழாய் பதித்த தமனிக்கு அத்தகைய பல்லாண்டுக் கணிப்பு மருத்துவமனை வழக்கத்துக்கு இன்னும் வரவில்லை. ஆகவே ஸ்டென்ட் கிராஃப்ட் பெற்றவர்கள் ஸ்கேனுக்கு வாழ்நாள் முழுதும் வந்துகொண்டிருக்கிறார்கள், அந்த ஸ்கேன்களே அடுத்த தலைமுறைக் கணிப்புகளைச் சரிபார்க்கும் தரவாகவும் சேர்கின்றன.